மேசைக்கு ஒரு ஆம்ப், சமையலறைக்கு இரண்டு ஸ்பீக்கர்

ஒரு சின்னப் பெட்டி வாங்க எனக்கு மூன்று மாதம் பிடித்தது. பெண் பார்க்கப் போனபோதுகூட அரை மணி நேரத்தில் சரி என்று சொல்லிவிட்டுக் கேசரியைச் சாப்பிட்டு வந்தவன் நான்.

பெட்டி என்றால் ஹெட்போனுக்கான ஆம்ப், அதாவது ஆம்ப்ளிஃபயர். என்னிடம் நல்ல ஹெட்போன் ஒன்று உண்டு, காது முழுவதையும் மூடுகிற பெரிய வகை. கைபேசியில் செருகினால் பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வரும். அதை ஓட்டும் தெம்பு கைபேசிக்குக் கிடையாது. இடையில் ஒரு ஆம்ப் வேண்டும். மேசைமேல் வைக்கிற, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி. அதே பெட்டி இரண்டு சின்ன ஸ்பீக்கரையும் ஓட்டுமானால் நல்லது. விலை என் சக்திக்குள் இருக்க வேண்டும். கேட்பதற்கு எளிது. இறங்கிப் பார்த்தால்தான் தெரியும்.

கள்ளக்குறிச்சியில் நான் தனியாக இருக்கிறேன். மனைவி இல்லாதவன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவள் கல்வராயன் மலையில் அரசுப் பள்ளி ஆசிரியை. ஐந்து வருடத்துக்கு முன்னால் பதவி உயர்வு கொடுத்து மலைக்கு அனுப்பினார்கள். தினமும் ஏறி இறங்க முடியாது என்று வெள்ளிமலையில் ஒரு அறை எடுத்துத் தங்கினாள். முதல் வருடம் வெள்ளிக்கிழமை சாயங்கால பஸ்ஸிலேயே இறங்கிவிடுவாள். அடுத்த வருடம் அது சனிக்கிழமைக் காலை ஆயிற்று. அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, அப்புறம் மாதத்துக்கு ஒரு முறை. ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது. விடைத்தாள் திருத்த வேண்டும், மழை, பஸ் வரவில்லை. நானும் நம்பினேன். மலையில் மாட்டிக்கொண்டு கஷ்டப்படுகிறாள் என்றுதான் என் மனதில் இருந்தது.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. எனக்கு நில அளவைப் பிரிவில் வேலை. பகலெல்லாம் அடுத்தவர் வயலின் எல்லைக்கோடு. ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தால் ஒரு டம்ளர், ஒரு தட்டு. சில நாள் சாயங்காலம் நானாகவே வாய்விட்டு, "சரி, விளக்கைப் போடுவோம்" என்று சொல்லிக்கொள்வேன். என் குரலைக் கேட்டு எனக்கே கூச்சமாக இருக்கும்.

அதனால் ஹெட்போனை மாட்டிக்கொண்டுவிடுவேன். இந்தப் பழக்கம் எனக்கு இன்று நேற்று வந்ததல்ல. கல்யாணமான புதிதிலிருந்தே உண்டு. ஆபீஸிலிருந்து வந்ததும் காபி, அப்புறம் சாப்பாடு வரைக்கும் பாட்டு. அவளும் வேலைக்குப் போய் வந்தவள்தான். அவள் சமையலறையில் இருப்பாள், நான் கூடத்தில் இருப்பேன். அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுக்காத மனுஷன் என்று என்னைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம்.

இந்த வருடம் கோடை விடுமுறையிலும் அவள் முழுதாக வரவில்லை. திருக்கோவிலூரில் அக்கா வீட்டில் பத்து நாள், என்னோடு ஒரு வாரம், மீதி நாள் மலை. "மேல வெயில் தெரியலீங்க" என்றாள். அது உண்மைதான். கள்ளக்குறிச்சியில் அப்போது தண்ணீர்க்குழாயைத் திறந்தால் காபி போடலாம்போலக் கொதித்தது.

அவள் போன பிறகு எனக்கு வீடு தாங்கவில்லை. இனிப் பொறுப்பதற்கில்லை, இவளைக் கீழே கொண்டுவந்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். இடமாறுதல் விண்ணப்பத்தை ஆன்லைனில் போடுகிற நேரம் அது. அவளுடைய கடவுச்சொல் என்னிடம்தான் இருக்கிறது. வருமான வரி, சம்பளச் சீட்டு என்று அவள் சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் நான்தான் பார்ப்பேன். எங்கள் பக்கத்தில் டீச்சரைக் கட்டிய ஆண்பிள்ளைகள் எல்லாரும் செய்கிற வேலை இது. பிரவுசிங் சென்டரில் போய்ப் பார்த்தால் அந்த வாரம் முழுக்க வீட்டுக்காரிக்கு மாறுதல் போட வந்த கணவன்மார்களாக உட்கார்ந்திருப்பார்கள். நானும் போட்டேன். கணவர் பணிபுரியும் இடம் என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். மலையில் ஐந்து வருடம், கண்டிப்பாகக் கிடைக்கும். கிடைத்த பிறகு சொல்லி அசத்தலாம் என்று சொல்லாமல் விட்டேன்.

ஸ்பீக்கர் ஆசை அங்கேதான் முளைத்தது. எனக்கு ஹெட்போன், சமையலறை அலமாரியில் அவளுக்கு இரண்டு ஸ்பீக்கர். அவள் வேலை செய்துகொண்டே பாட்டுக் கேட்கட்டும். நான் என்ன கல்நெஞ்சனா?

முதலில் கடைக்குப் போனேன். பஸ் நிலையத்துக்கு அருகே ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடை. ஹெட்போன் ஆம்ப் என்று சொன்னதும் அந்தப் பையன் என்னை இடுப்பளவு உயரமுள்ள ஒரு கறுப்புத் தூணின் முன்னால் நிறுத்தினான். நாலா பக்கமும் சிவப்பும் பச்சையுமாக விளக்கு சுற்றியது.

"சார், இத்த எடுத்துக்கங்க. பேஸ் கும்முனு இருக்கும். மைக்கும் ஃப்ரீ சார்."

"மைக்கை வச்சிக்கினு நான் இன்னாப்பா பண்றது? வூட்டுல நான் ஒரே ஆள்."

"பாடுங்க சார்" என்றான். கோபம் வந்தது. அவன் கிண்டல் செய்யவில்லை என்பதால் கோபத்தை என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பி வந்தேன்.

பிறகு இணையம். உலகத்தில் எவ்வளவு பேர் இந்தச் சின்னப் பெட்டிகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை அப்போதுதான் பார்த்தேன். ஒருவர் ஒரு பெட்டியை வானளாவப் புகழ்வார், அடுத்தவர் அதையே குப்பை என்பார். எத்தனை ஓம் மின்தடை உள்ள ஹெட்போனுக்கு எவ்வளவு சக்தி வேண்டும், ஸ்பீக்கர் மூன்று அங்குலமா நாலு அங்குலமா, சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும். நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டேன். ஒரு குழுவில் சேர்ந்து கேள்விமேல் கேள்வி கேட்டேன். ஈரோட்டிலிருந்து ஒருவர், மலேசியாவிலிருந்து ஒருவர், முகம் தெரியாத இன்னும் பத்துப் பேர் பதில் போட்டார்கள். "உங்கள் அறையின் அளவு என்ன? யார் கேட்பதற்கு?" என்று ஈரோட்டுக்காரர் கேட்டார். "மனைவிக்கு" என்று எழுதினேன். அவர் ஒரு கைகூப்பும் படம் போட்டார். பல நாட்களில் எனக்கு அலுவலகத்துக்கு வெளியே கிடைத்த பேச்சு அதுதான்.

சமையலறை அலமாரியைச் சென்டிமீட்டர் கணக்கில் அளந்தேன். அளவு எடுக்கிற கை சும்மா இருக்குமா? புளி ஜாடிக்கும் மிளகாய்த்தூள் டப்பாவுக்கும் நடுவே ஒன்று, எண்ணெய்த் தூக்குக்கு அந்தப்பக்கம் ஒன்று. கூடத்து மேசையிலிருந்து சுவரோரமாக ஒயரை இழுத்து ஆணி அடித்தேன். மூன்று அங்குல ஸ்பீக்கர், மர நிறம். ஆம்ப், ஈரோட்டுக்காரர் சொன்னது. காசுக்கேற்ற பணியாரம் என்பார்கள், எனக்கு வந்த பணியாரம் கொஞ்சம் பெரியதுதான். கூரியர் வந்த அன்று அரை நாள் விடுப்புப் போட்டேன்.

எல்லாவற்றையும் பொருத்தி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடினேன். பாட்டுக்கு முன்னால் ஒரு ரீங்காரம் வந்தது. ம்ம்ம் என்று, போர்வைக்குள் புகுந்த வண்டுபோல. ஸ்பீக்கரிலும் அதே. இரும்புப் பெட்டியைத் தொட்டால் விரலில் சுருக்கென்றது.

எனக்கு ரத்தம் கொதித்தது. மூன்று மாதத் தேடலுக்கு இதுவா கூலி? அந்த ஆத்திரத்தில் உட்கார்ந்து, இது ஏமாற்றுப் பொருள், யாரும் வாங்காதீர்கள் என்று நாலு பத்தி எழுதிப் போட்டேன். ஈரோட்டுக்காரரையும் விடவில்லை. பெட்டியைத் திருப்பி அனுப்பி வேறொன்று வாங்கினேன். பத்து நாள் கழித்து வந்த அந்தப் பெட்டியும் ம்ம்ம் என்றது.

மாடியில் குடியிருக்கும் வீட்டுக்காரர் ஒரு எலக்ட்ரீஷியனை அனுப்பினார். வந்தவர் ஆம்ப்பை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராகப் பின்பக்கம் போய், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் எர்த் குழி இருந்த இடத்தில் குந்தினார். மின்சாரம் கசிந்தால் மண்ணுக்குள் போவதற்காகப் புதைத்திருக்கும் குழாய் அது. குச்சியால் கிளறினார். மண் பொடிப்பொடியாகப் பறந்தது.

"இன்னா சார், குழி இப்டி காஞ்சி கெடக்குது? ஈரம் இருந்தாதான சார் எர்த்து வேலை செய்யும். தண்ணியே ஊத்தறதில்லியா?"

"ஊத்தணுமா?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில், படித்தவனுக்குப் புத்தி கம்மி என்று எழுதியிருந்தது. கல் உப்பு கொஞ்சம் போட்டு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். மண் இழுத்துக்கொண்டே இருந்தது. மறுநாள் காலை மறுபடி ஊற்றினேன். சாயங்காலம் ரீங்காரம் நின்றுவிட்டது. ஹெட்போனில் வயலின்களுக்குப் பின்னால் யாரோ மெதுவாக மூச்சு விடுவதுகூடக் கேட்டது. ஈரோட்டுக்காரருக்கு மன்னிப்பு எழுதினேன். அவர் பதில் போடவில்லை.

அந்த வாரம் சனிக்கிழமை என் மனைவி வந்தாள். அவள் வர வேண்டிய வாரம் இல்லை, சொல்லவும் இல்லை. காலை ஒன்பது மணிக்குப் பையோடு வாசலில் நின்றாள். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. செருப்பைக் கழற்றுவதற்குள் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போய் அலமாரியைக் காட்டினேன். பாட்டைப் போட்டேன். சின்ன ஸ்பீக்கர்தான், ஆனால் அந்தச் சமையலறைக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது. அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். முகம் ஒரு நிமிடம் மலர்ந்ததை நான் பார்த்தேன், அது பொய்யில்லை.

"நல்லாருக்குதுங்க."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். எனக்குத்தான் வாயும் கையும் சும்மா இருக்காதே.

"இதுல இன்னோர் வசதி பாரு" என்று கூடத்துக்குப் போய் ஹெட்போனை ஆம்ப்பில் செருகினேன். சமையலறையில் பாட்டு பட்டென்று நின்றது. "பாத்தியா? இத்த சொருவுனா அது தானா நின்னுடும். தனியா சுவிட்ச் வேணாம்."

அவள் சமையலறை வாசற்படியில் நின்று என்னைப் பார்த்தாள். "இன்னாங்க வசதி இது?" என்றாள். "நான் கேட்டுக்கினு இருக்கும்போது நீங்க மாட்டிக்கினா எனக்கு நின்னுடும். அதானே?"

நான் விளக்கப் போனேன். அவள் கேட்காமல் பின்பக்கம் கை கழுவப் போனாள். ஈரமாக இருந்த எர்த் குழியைப் பார்த்துவிட்டு, "யாரு தண்ணி ஊத்தனது?" என்று கேட்டாள். நான் எலக்ட்ரீஷியன் வந்த கதையைச் சொன்னேன்.

"வாராவாரம் துணி அலசற தண்ணிய நான் அதுலதான் ஊத்துவேன். வூட்டுக்காரம்மா குடி வந்தன்னிக்கே சொன்னாங்க. நான் வர்றது கம்மியாச்சு, காஞ்சிப்போச்சு." சாதாரணமாகத்தான் சொன்னாள். பதினெட்டு வருடத்தில் அவள் அங்கே தண்ணீர் ஊற்றி நான் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை.

உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பையை மடியிலேயே வைத்திருந்தாள்.

"செவ்வாக்கிழமை ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் இருக்கும்போது ஹெட்மாஸ்டரு கேட்டாருங்க. 'இன்னா டீச்சர், எங்கள வுட்டுட்டு கீழ போறீங்களாமே, அப்ளிகேஷன் இப்பதான் அப்ரூவலுக்கு வந்திருக்குது'ன்னாரு. எனக்கு ஒண்ணுமே புரியல. இல்ல சார்னேன். அவரு செல்லுல எடுத்துக் காட்டறாரு. எம் பேரு, எம் போட்டோ. சுத்தி எல்லாரும் பாக்கறாங்க."

"உனக்கு நல்லதுன்னுதான் போட்டேன்."

"இந்தப் பொட்டிய வாங்க ஊரு பேரு தெரியாதவங்களயெல்லாம் கேட்டுக்கினு இருந்தீங்க. போன்ல பேசும்போதெல்லாம் அந்தக் கதைதான். என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா, கீழ வர்றியான்னு?"

தப்பு என்று தெரிந்தால் பேசாமல் இருந்துவிடுவது என் பழக்கம். அவளுக்கும் அது தெரியும். மத்தியானம் ரசம் வைத்து, அப்பளம் பொரித்து, எனக்குப் போட்டுவிட்டு மூன்று மணி பஸ்ஸைப் பிடித்தாள். ஸ்பீக்கர் அலமாரியில் அப்படியே இருந்தது. பாட்டுப் போட இருவருக்கும் தோன்றவில்லை.

இரண்டு வாரத்தில் இடமாறுதல் கலந்தாய்வு என்று செய்தி வந்தது. அவள் வருவாளா, வந்தால் எந்த ஊரை எடுப்பாள், எனக்குத் தெரியாது. போனில் கேட்கத் தைரியமில்லை. கேட்டால், வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்ற பயம். அந்த இரண்டு வாரம் நான் தூங்கிய தூக்கம் கடவுளுக்குத்தான் வெளிச்சம். கள்ளக்குறிச்சியிலேயே ஒரு காலியிடம் இருந்தது. பட்டியலில் பார்த்துவிட்டேன். வீட்டிலிருந்து நடந்தே போகலாம்.

கலந்தாய்வு நடந்த பள்ளியின் வேப்பமரத்தடியில் நானும் மற்ற கணவன்மார்களும் நின்றோம். கையில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் ஃபைல். என் மனைவி காலை பஸ்ஸில் இறங்கி வந்தாள். என்னிடம் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். மலையில் ஐந்து வருடம் இருந்ததால் முன்னாலேயே கூப்பிட்டார்கள். பத்து நிமிடத்தில் வெளியே வந்தாள். கையில் உத்தரவு எதுவும் இல்லை.

"விருப்பம் இல்லன்னு எழுதிக் குடுத்துட்டேங்க."

வெயிலில் நின்றதால்தானோ என்னவோ எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அவள்தான் ஷேர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினாள். பஸ் நிலையத்துக்குப் போகும்வரை எங்கள் நடுவே ஒரு வெங்காய மூட்டை இருந்தது. இருவரும் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

வெள்ளிமலை பஸ் நின்றிருந்தது. கிளம்ப நேரமிருந்தது. ஜன்னல் பக்கம் இடம் பிடித்து உட்கார்ந்தாள். நான் கீழே நின்றேன். எனக்கு அழுகை வந்துவிடும்போல இருந்தது. ஐம்பத்திரண்டு வயது ஆள் பஸ் நிலையத்தில் அழுதால் நன்றாகவா இருக்கும்?

"அங்க உனக்கு இன்னாதான் இருக்குது?" என்றேன். கோபமாகக் கேட்க நினைத்தேன். வேறு மாதிரி வந்துவிட்டது.

"பக்கத்து வூட்டு அம்மா இருக்காங்க. சாமையும் மரவள்ளியும் போடறாங்க. கொல்லை வேலை முடிஞ்சி வந்ததும் கை கால் கழுவிக்கினு நேரா என் ரூமுக்கு வந்து குந்திக்குவாங்க. 'இன்னிக்கு இன்னா ஆச்சு டீச்சர், சொல்லு'ம்பாங்க. தினம். ஒரு நாள் வுடமாட்டாங்க. நான் சொல்லி முடிக்கற வரைக்கும் எழுந்திருக்க மாட்டாங்க. அவங்களுக்கு எங்க ஸ்கூல்ல எல்லாரயும் தெரியும். ஹெட்மாஸ்டருக்கு முட்டி வலின்னாகூடத் தெரியும்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாங்க. நம்ம வூட்டுல பதிமூணு வருஷம் ஸ்கூல்லருந்து வந்திருக்கேன். ஒரு நாள் கேட்டிருக்கீங்களா? சமைச்சிக்கினே உங்க முதுகத்தான் பாத்துக்கினு இருப்பேன். கூப்டா காதுல விழாது. தொட்டாதான் திரும்புவீங்க. அப்புறம் தொடறதும் நின்னுபோச்சு."

அவள் குரலை உயர்த்தவில்லை. பக்கத்து இருக்கையில் இருந்தவர் கடலை தின்றுகொண்டிருந்தார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். தனிமையில் தவிக்கிறவன் நான்தான் என்று ஐந்து வருடமாக எனக்கு நானே பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தேன். இவள் அதற்கு முன்னாலேயே, என் வீட்டிலேயே, நான் இருக்கும்போதே அதைப் பட்டு முடித்துவிட்டு மலை ஏறியிருக்கிறாள்.

டிரைவர் வந்து ஏறினார். இஞ்சின் உறுமியது. எனக்கு வேறு வழி தெரியவில்லை.

"வர்ற சனிக்கிழமை நான் மேல வரட்டுமா? ஸ்பீக்கர் கீக்கர் ஒண்ணும் எடுத்துக்கினு வரமாட்டேன். சும்மா. நீ ஸ்கூல் கதையச் சொல்லு, நான் குந்திக்கினு இருக்கேன்."

கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு சம்மதத்தை நான் அவளிடம் கேட்டதில்லை என்பதால், அவளுக்கும் இது புதிதாக இருந்திருக்க வேண்டும். கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் நகர்ந்தது.

"யோசிச்சுச் சொல்றேங்க" என்றாள்.

இன்றோடு நான்கு சனிக்கிழமை போய்விட்டது. தினமும் ஏழு மணிக்கு அவளைக் கூப்பிட்டு, இன்றைக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறேன். "ஒண்ணும் இல்லீங்க, எப்பவும் போலத்தான்" என்கிறாள். பின்னால் அந்த அம்மாவின் குரல் கேட்கிறது, பாதியில் நின்ற கதையைச் சொல்லச் சொல்லி.